பள்ளிப் பத்திரிகையும் முதல்வரின் கத்தரியும்: அமெரிக்க மாணவர்களின் எழுத்துரிமை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்களே செய்தி சேகரித்து, எழுதி, பக்கம் அமைத்து வெளியிடும் செய்தித்தாள் ஒன்று இருக்கும். நம் ஊர்ப் பள்ளிகளின் ஆண்டு மலரோடு இதை ஒப்பிட்டுவிடக் கூடாது. ஆண்டு மலரில் தாளாளரின் வாழ்த்துரை, குழுப் படங்கள், நான்கைந்து கவிதைகள் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும். இந்தப் பத்திரிகைகளோ பள்ளி வாரியம் பணத்தை எப்படிச் செலவிடுகிறது, புதிதாக வந்த முதல்வரின் தகுதி என்ன என்றெல்லாம் விசாரிக்கக் கூடியவை. ஆகவே அவற்றில் எதை வெட்டலாம், வெட்டும் உரிமை யாருக்கு என்ற வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்பத்திரிகைகளில் எழுதுவதால், பெற்றோர் கேட்கக் கூடிய கேள்விகளை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

அமெரிக்க அரசமைப்பு பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் காக்கிறதே, பிறகு பள்ளிப் பத்திரிகையில் தணிக்கை எப்படி நுழைந்தது?

அரசமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டிப்போடுகிறது. அரசுப் பள்ளியின் முதல்வரும் அரசின் ஓர் அங்கம் என்பதால் அவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. ஆனால் அவர் அரசு அதிகாரியாக மட்டும் இல்லை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நிறுவனத்தின் தலைவராகவும் இருக்கிறார். பாடத்திட்டத்தைத் தீர்மானிப்பதும் கட்டுரையைத் திருத்தித் தருவதும் தணிக்கை ஆகாது என்பதை யாரும் ஒப்புக்கொள்வர். பள்ளிப் பத்திரிகை பாடமா, பத்திரிகையா என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் அது இரண்டுமாக இருப்பதால், நீதிமன்றங்கள் எந்தப் பக்கத்தை அழுத்துகின்றனவோ அதற்கேற்ப உரிமை விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது.

டிங்கர் வழக்கு என்று அடிக்கடி சொல்லப்படுவது எது?

1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டி மோயின் நகரில், வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகத் துக்கம் காக்கவும் போர்நிறுத்தக் கோரிக்கைக்கு ஆதரவு காட்டவும் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போக முடிவு செய்தனர். செய்தி முன்கூட்டியே கசிந்ததும் பள்ளி முதல்வர்கள் கூடிக் கறுப்புப் பட்டிக்குத் தடை விதித்தனர். தடையை மீறிப் பட்டி கட்டி வந்தவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மேரி பெத் டிங்கருக்கு அப்போது வயது 13.

1969 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாணவரோ ஆசிரியரோ தம் பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைவதில்லை என்று நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ் எழுதினார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பழகிய நமக்கு இந்த உவமை சட்டென்று புரியும். பள்ளியின் நடவடிக்கைக்குக் கணிசமான இடையூறு விளையும் என்றோ பிறர் உரிமை பாதிக்கப்படும் என்றோ நிர்வாகம் காட்ட முடிந்தால் மட்டுமே மாணவரின் கருத்தைத் தடுக்கலாம், வெறும் அச்சமும் சங்கடமும் போதா என்பதே அத்தீர்ப்பின் அளவுகோல். அதே பள்ளிகளில் தேர்தல் சின்னங்கள் அணிந்து வந்தவர்களையும், நாஜிகளோடு சேர்த்துப் பேசப்பட்ட இரும்புச் சிலுவையை அணிந்து வந்தவர்களையும் யாரும் தடுக்கவில்லை என்பதை நீதிபதி சுட்டிக்காட்டியிருக்கிறார். எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான்: கறுப்புப் பட்டி தடுக்கப்பட்டது அது சின்னம் என்பதால் அன்று, அது சொன்ன கருத்தால்.

டிங்கர் தீர்ப்பு இருக்கும்போது ஹேசல்வுட்டில் பள்ளி எப்படி வென்றது?

மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில் உள்ள ஹேசல்வுட் கிழக்கு உயர்நிலைப் பள்ளியில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற பத்திரிகையை இதழியல் வகுப்பு மாணவர்கள் நடத்திவந்தனர். 1982–83 கல்வியாண்டில் அது 4,500 பிரதிகளுக்கு மேல் போயிற்று. அச்சுச் செலவு மொத்தம் 4,668 டாலர் 50 சென்ட்; அதற்குப் பள்ளி வாரியம் தன் நிதியிலிருந்து பணம் ஒதுக்கியது. பத்திரிகை விற்று வந்தது 1,166 டாலர் 84 சென்ட். இந்தக் கணக்கு பின்னால் முக்கியமாகிறது.

1983 மே 13 இதழுக்கான மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதியை, இதழியல் வகுப்பை நடத்தும் பொறுப்பாசிரியர் வழக்கம்போல் 10ஆம் தேதி முதல்வரிடம் காட்டினார். கல்வியாண்டு முடிவதற்குள் ஆசிரியர் மாறியிருந்தார்; முன்பு பொறுப்பில் இருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் புதியவர் அந்த இடத்துக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன. முதல்வருக்கு இரண்டு கட்டுரைகள் உறுத்தின. ஒன்று, அதே பள்ளியில் படித்துக் கருவுற்ற மூன்று மாணவியரின் அனுபவம். பெயர்கள் மாற்றப்பட்டிருந்தாலும் யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் அஞ்சினார். பாலுறவு, கருத்தடை பற்றிய குறிப்புகள் இளைய மாணவர்களுக்குப் பொருந்தா என்றும் எண்ணினார். மற்றொன்று, பெற்றோரின் மணமுறிவு பிள்ளைகளைப் பாதிப்பது பற்றியது. அதில் ஒரு மாணவி பெயர் சொல்லித் தன் தந்தையைக் குறைகூறியிருந்தார். அந்தத் தந்தைக்குப் பதில் சொல்ல வாய்ப்பு தரப்படவில்லை. இறுதி வடிவில் அம்மாணவியின் பெயரை ஆசிரியர் ஏற்கெனவே நீக்கியிருந்தார், ஆனால் முதல்வர் கையில் இருந்த மெய்ப்பில் அது இருந்தது.

திருத்தி அச்சடிக்க நேரமில்லை என்று நினைத்த முதல்வர், அந்தக் கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களையும் முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னார். ஆறு பக்க இதழ் நான்கு பக்கமாக வந்தது. எடுக்கப்பட்ட பக்கங்களில் இளவயதுத் திருமணம், வீட்டைவிட்டு ஓடிப்போகும் பிள்ளைகள், இளங்குற்றவாளிகள் பற்றிய கட்டுரைகளும், இளவயதுக் கருவுறல் பற்றிய பொதுக் கட்டுரை ஒன்றும் இருந்தன. அவற்றில் தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று முதல்வரே பின்னர் சாட்சியம் சொன்னார். பக்கத்தில் இருந்த பாவத்துக்கு அவையும் போயின. மூன்று மாணவியர் வழக்குத் தொடுத்தனர்.

உச்ச நீதிமன்றம் எந்தக் காரணத்தைச் சொல்லிப் பள்ளியின் பக்கம் நின்றது?

1988 ஜனவரி 13 அன்று 5–3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதியின் இடம் அப்போது காலியாக இருந்ததால் எட்டுப் பேரே தீர்ப்பளித்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பைரன் வைட், இரண்டு நிலைமைகளைப் பிரித்துக் காட்டினார். மாணவர் தாமாகப் பேசும் பேச்சைப் பள்ளி சகித்துக்கொள்ள வேண்டுமா என்பது டிங்கரின் கேள்வி. பள்ளி தன் பெயரையும் பணத்தையும் கொடுத்து அந்தப் பேச்சை வெளியிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. வாரியம் பணம் தருகிறது, ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார், வகுப்பு நேரத்தில் வேலை நடக்கிறது. ஆகவே ‘ஸ்பெக்ட்ரம்’ ஒரு பாடப் பயிற்சி, எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட பொது மன்றம் அன்று என்று அவர் முடிவு செய்தார். அத்தகைய இடத்தில் நிர்வாகத்தின் கட்டுப்பாடு நியாயமான கற்பித்தல் நோக்கத்தோடு தொடர்புடையதாக இருந்தால் போதும். இடையூறு வரும் என்று காட்டத் தேவையில்லை. எழுத்து மோசமாக இருப்பது, ஆய்வு போதாமல் இருப்பது, ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, வயதுக்குப் பொருந்தாமல் இருப்பது ஆகியவை எல்லாம் காரணங்கள் ஆகலாம்.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய வில்லியம் பிரென்னனோடு மார்ஷலும் பிளாக்மனும் சேர்ந்துகொண்டனர். இரண்டு கட்டுரைகளில் சில பகுதிகள்தாம் உறுத்தலாக இருந்தன என்றால், ஆறு கட்டுரைகளை ஏன் எறிய வேண்டும் என்று பிரென்னன் கேட்டார். குறிப்பிட்ட வரிகளை நீக்கியிருக்கலாம், இதழைத் தாமதித்திருக்கலாம். மாணவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்ததை அவரால் ஏற்க முடியவில்லை. அந்தப் பள்ளியின் பிள்ளைகள் குடிமைப் பாடம் ஒன்றை எதிர்பார்த்தார்கள், ஆனால் இன்று நீதிமன்றம் நடத்தியதை அல்ல என்ற பொருளில் அவர் முடித்தார்.

என் பார்வையில், அந்த இரண்டு கட்டுரைகளைப் பற்றி முதல்வருக்கு இருந்த கவலை அர்த்தமற்றதன்று. தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியிடுவதை எந்த நல்ல நாளிதழின் செய்தி ஆசிரியரும் விடமாட்டார். தவறு அந்தக் கவலையைத் தீர்க்க அவர் தேர்ந்த வழியில் இருக்கிறது. நீதிமன்றம் அந்த வழியையே விதியாக்கிவிட்டது.

‘கற்பித்தல் நோக்கம்’ என்று சொல்லிவிட்டால் எதையும் வெட்டலாமா?

இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் யூட்டிகா உயர்நிலைப் பள்ளியில் 2002இல் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பள்ளிப் பேருந்துகளை நிறுத்தும் பணிமனைக்கு அருகில் வசித்த ஒரு தம்பதியர், டீசல் புகையால் உடல்நலம் கெட்டதாகப் பள்ளி மாவட்டத்தின் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) மீது வழக்குப் போட்டிருந்தனர். ‘ஏரோ’ என்ற மாணவர் பத்திரிகைக்காக ஒரு மாணவி அவ்வழக்கைப் பற்றி எழுதினார். கட்டுரையை எடுக்கும்படி நிர்வாகம் உத்தரவிட்டது. 2004இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், ஹேசல்வுட் அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கட்டுரையில் கற்பித்தல் சார்ந்த குறை எதுவும் இல்லை. நிர்வாகத்துக்குச் சங்கடம் தந்ததே அதன் குற்றம்.

ஆகவே காரணம் கட்டுரையின் தரத்தைப் பற்றியதா, நிர்வாகத்தின் நற்பெயரைப் பற்றியதா என்று பார்க்க வேண்டும். நடைமுறையில் இரண்டாவது காரணம் முதல் காரணத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதுதான் வழக்கம். ‘சமநிலை இல்லை’ என்று சொல்லப்படும்போது, யாருடைய பதிலைச் சேர்த்தால் சமநிலை வரும் என்று திருப்பிக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சாயம் வெளுத்துவிடும்.

பிழை திருத்துவதும் தணிக்கைதானா?

இல்லை. பொறுப்பாசிரியர் எழுத்துப் பிழை திருத்துவதும், ஆதாரம் கேட்பதும், ‘இந்த ஆளிடம் பேசினாயா’ என்று விரட்டுவதும் ஆசிரியப் பணி. அந்தத் திருத்தம் கட்டுரையை வெளியிடத் தகுந்ததாக ஆக்கும். தணிக்கை அதை வெளியே வராமல் நிறுத்தும்.

எல்லா மாநிலங்களிலும் இதே நிலைதானா?

இங்கேதான் பெற்றோர் பலர் தவறிவிடுகின்றனர். ஹேசல்வுட் தீர்ப்பு, அரசமைப்பு எவ்வளவு பாதுகாப்புத் தருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மாநிலச் சட்டம் அதற்கு மேலும் தரலாம். கலிஃபோர்னியா 1977இலேயே, அதாவது அத்தீர்ப்புக்குப் பத்தாண்டுக்கு முன்பே, மாணவர் பத்திரிகைக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு வழங்கியிருந்தது. தீர்ப்பு வந்த 1988ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸும், தொடர்ந்து 1989இல் அயோவாவும், 1990இல் கொலராடோவும், 1992இல் கான்சஸும் சட்டம் இயற்றின. 2015இல் வடக்கு டகோட்டா இயற்றிய சட்டத்துக்குப் பிறகு ‘நியூ வாய்சஸ்’ என்ற பெயரில் இது ஓர் இயக்கமாகவே பரவியது: 2016இல் இல்லினாயும் மேரிலாந்தும், 2018இல் வாஷிங்டனும், 2021இல் நியூ ஜெர்சியும் சேர்ந்துகொண்டன. தமிழர் பெருமளவில் வாழும் டெக்சாஸில் இத்தகைய சட்டம் இல்லை. அங்கே ஹேசல்வுட்தான் எல்லை.

சட்டத்தால் என்ன மாறும் என்பதைக் கான்சஸில் பார்க்கலாம். 2017இல் பிட்ஸ்பர்க் என்ற சிறிய ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய முதல்வர் நியமிக்கப்பட்டார். அவரைப் பற்றி அறிமுகக் கட்டுரை எழுதுவதற்காக ‘பூஸ்டர் ரீடக்ஸ்’ என்ற மாணவர் பத்திரிகையினர் அவர் பட்டம் பெற்றதாகச் சொன்ன பல்கலைக்கழகத்தை இணையத்தில் தேடினர். அதற்கு முறையான அங்கீகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. தோண்டத் தோண்ட வேறு முரண்பாடுகளும் கிடைத்தன. மார்ச் 31 அன்று கட்டுரை வெளியாயிற்று. சில நாள்களிலேயே அந்த முதல்வர் பணியில் சேராமலே விலகிவிட்டார். நியமித்த வாரியத்தினர் பார்க்காமல் விட்டதைப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பார்த்தனர். வாரியத்தின் முடிவையே கேள்விக்குள்ளாக்கும் அத்தகைய கட்டுரையை, 1992ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாத ஒரு மாநிலத்தில் வெளியிட முடிந்திருக்குமா என்பது சந்தேகமே.

இச்சட்டம் உள்ள மாநிலத்தில் எதை வேண்டுமானாலும் அச்சிடலாமா?

அவதூறு, ஆபாசம், அந்தரங்கத்தில் அத்துமீறல், சட்டத்தை மீறத் தூண்டுதல், பள்ளியின் நடவடிக்கைக்குக் கணிசமான இடையூறு ஆகியவற்றுக்கு எந்த மாநிலத்திலும் பாதுகாப்பு இல்லை.

பொறுப்பாசிரியரின் நிலை என்ன?

உண்மையில் மாணவரைவிட அதிகம் இழக்கக் கூடியவர் அவர்தான். மாணவர் நான்கு ஆண்டுகளில் போய்விடுவார்; ஆசிரியருக்கு அடுத்த ஆண்டும் அதே முதல்வரின் கீழ் வேலை. கட்டுரையை வெட்டச் சட்டம் இடம் தராவிட்டால், கட்டுரையை விட்ட ஆசிரியரை இதழியல் வகுப்பிலிருந்து மாற்றிவிடுவது எளிது. இந்தக் குறுக்குவழியை அடைக்கவே கலிஃபோர்னியா 2008இல் தன் சட்டத்தைத் திருத்தி, மாணவரின் உரிமைக்குத் துணைநின்றதற்காக ஆசிரியரைப் பழிவாங்கக் கூடாது என்று சேர்த்தது.

முதல்வர் வெட்டிய கட்டுரைகளை எண்ணிவிடலாம். எழுதப்படாமலே போனவற்றை எண்ண முடியாது. சென்ற ஆண்டு ஒரு கட்டுரைக்காக ஆசிரியர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டதைப் பார்த்த மாணவர், இந்த ஆண்டு கூடைப்பந்து அணியைப் பற்றி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். ‘சாருக்கு எதுக்கு வம்பு’ என்ற நல்லெண்ணத்தில் நடக்கும் இந்தத் தணிக்கைக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. ஹேசல்வுட் விட்டுச்சென்ற பெரிய சேதமாக நான் கருதுவது இதைத்தான்.

தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்துமா?

அரசமைப்பு தனியாரைக் கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னியாவில் 1992இல் வந்த லியனார்டு சட்டம் ஒரு விதிவிலக்கு; அது சமயச் சார்பற்ற தனியார் பள்ளி மாணவர்க்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பை நீட்டிக்கிறது.

பள்ளிப் பணம் வாங்காமல் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினால், அல்லது வீட்டிலிருந்து சமூக ஊடகத்தில் எழுதினால்?

அப்போது ஹேசல்வுட் பொருந்தாது. டிங்கர் அளவுகோலுக்குத் திரும்பிவிடுகிறோம். வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டன் நகரில் மாணவர் சிலர் சொந்தமாக அச்சிட்ட நான்கு பக்கப் பத்திரிகையைப் பள்ளி விருந்தொன்றில் வினியோகித்ததற்காகக் கண்டிக்கப்பட்டனர். எதை வினியோகித்தாலும் முன்கூட்டியே காட்டி அனுமதி பெற வேண்டும் என்ற பள்ளியின் விதி செல்லாது என்று 1988இல், ஹேசல்வுட் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களுள் ஒன்றான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

பள்ளிக்கு வெளியே எழுதுவதைப் பற்றி 2021இல் உச்ச நீதிமன்றம் பேசியது. பென்சில்வேனியாவின் மஹனோய் பகுதியில், விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி ஆரவாரம் எழுப்பும் உற்சாகக் குழுவின் முதன்மை அணியில் இடம் கிடைக்காத மாணவி ஒருவர் வார இறுதியில் கடை ஒன்றிலிருந்து ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தையோடு கோபத்தைக் கொட்ட, பள்ளி அவரை ஓராண்டுக்குக் குழுவிலிருந்து நீக்கியது. 8–1 என்ற கணக்கில் மாணவி வென்றார். பள்ளிக்கு வெளியே பள்ளியின் அதிகாரம் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. மிரட்டலும் கடுமையான துன்புறுத்தலும் வேறு. ஆனால் நாள் முழுதும் பிள்ளையின் வாயைக் கண்காணிக்கும் உரிமை பள்ளிக்கு இல்லை என்பது தெளிவாயிற்று.

கல்லூரிப் பத்திரிகைகள்?

கல்லூரிக்கு இது பொருந்துமா என்பதை ஹேசல்வுட் தீர்ப்பு ஓர் அடிக்குறிப்பில் முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. 2005இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இல்லினாயில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பத்திரிகை வழக்கில் பொருந்தக் கூடும் என்றது. மாநிலச் சட்டமன்றம் சும்மா இருக்கவில்லை. 2007இல் கல்லூரிப் பத்திரிகைகளைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

தன் கட்டுரை தணிக்கைக்கு உள்ளானதாக எண்ணும் மாணவர் என்ன செய்யலாம்?

வழக்கு என்பது கடைசி வழி. ஹேசல்வுட் மாணவியரின் இதழ் 1983 மேயில் வெட்டப்பட்டது; இறுதித் தீர்ப்பு வரும்போது நான்கரை ஆண்டுகள் கடந்துவிட்டன, அவர்களுள் ஒருவரும் அப்பள்ளியில் இல்லை. முதலில் தம் மாநிலத்தில் தனிச் சட்டம் உண்டா என்றும், பள்ளி மாவட்டத்தின் எழுத்துவழிக் கொள்கை பத்திரிகையைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். 1974இல் தொடங்கப்பட்ட மாணவர் பத்திரிகைச் சட்ட மையம் இத்தகைய மாணவர்க்குக் கட்டணமின்றிச் சட்ட ஆலோசனை வழங்குகிறது. எடுக்கப்பட்ட மெய்ப்பின் பிரதியையும் வந்த மின்னஞ்சல்களையும் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. முதல்வரைச் சந்திக்கும்போது, ‘ஏன் வெட்டினீர்கள்’ என்று சண்டைக்குப் போவதைவிட, ஆட்சேபம் எந்த வரியில் இருக்கிறது, அதை எப்படி மாற்றினால் வெளியிடலாம் என்பதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்பதே பலன் தரும். வரியைக் குறிப்பிட்டுச் சொன்னால் அதைத் திருத்தி மறுநாளே கொடுத்துவிடலாம். அதே பக்கத்தில் இருக்கும் மற்ற நான்கு கட்டுரைகளும் தப்பித்துவிடும். வரியைக் காட்ட மறுத்தால், அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும்.